வேம்பு என்றால் எந்த வேம்பு?

வேம்பு தெரியுமா என்று ஒரு விவசாயியிடம் கேட்டால் அவர் சிரித்துவிடுவார். வீட்டு வாசலிலும், கிணற்று மேட்டிலும், கோயில் முன்பும் நிற்கும் மரத்தைத் தெரியாதவர் யார்? ஆனால் அதே விவசாயி ஓர் ஏக்கரில் மலைவேம்பு நட விரும்பி நாற்றுப் பண்ணைக்குச் சென்றால் நிலைமை வேறு. மலைவேம்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு மரங்களின் கன்றுகள் கிடைக்கின்றன. ஒன்று பிளைவுட் பலகைக்கும் காகிதக் கூழுக்கும் ஏற்ற, நேராக உயரும் மரம். மற்றொன்று அழகுக்காகவும் நிழலுக்காகவும் வளர்க்கப்படும், கிளை பரப்பும் மரம். கன்றுப் பருவத்தில் இரண்டையும் வேறுபடுத்துவது எளிதல்ல. மாற்றி நட்டுவிட்டால் தவறு தெரிய வரும்போது சில ஆண்டுகள் ஓடிப்போயிருக்கும்.

ஆகவே பெயரைப் பற்றிய ஆராய்ச்சி பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. உழவர்களுக்கும் அதனால் பயன் உண்டு. வேம்பு என்னும் பெயர் எங்கிருந்து வந்தது, எந்தெந்தச் செடி மரங்களுக்கு அது சூட்டப்பட்டுள்ளது, அவற்றில் எது உண்மையான உறவு, எது பெயரளவு உறவு என்பதை இங்கே காண்போம்.

வேம்பும் வேப்பும்

மரத்தைத் தனியாகச் சொல்லும்போது வேம்பு என்கிறோம். அதன் இலையைச் சொல்லும்போது வேப்பிலை என்றும், பூவை வேப்பம்பூ என்றும், எண்ணெயை வேப்பெண்ணெய் என்றும் சொல்கிறோம். நடுவில் உள்ள 'ம்' என்ற மெல்லெழுத்து 'ப்' என்ற வல்லெழுத்தாக மாறிவிடுகிறது. இது தமிழில் இயல்பாக நடப்பதுதான். கரும்பின் சாறு கருப்பஞ்சாறு ஆவதும், இரும்பினால் ஆன பாதை இருப்புப்பாதை ஆவதும், மருந்து என்ற சொல்லிலிருந்து மருத்துவம் வருவதும் இதே முறையில்தான்.

அண்டை மொழிகளிலும் இதே சொல் வழங்குகிறது. மலையாளத்தில் வேப்பு, தெலுங்கில் வேப, கன்னடத்தில் பேவு. தமிழில் 'வ' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ப' என்று தொடங்கும். நம் வேர் அங்கே பேரு, நம் வேலி அங்கே பேலி. ஆகவே வேம்பு அங்கே பேவு ஆனதில் வியப்பில்லை. தென்னாட்டு மொழிகள் எல்லாவற்றிலும் இச்சொல் பொதுவாக இருப்பதிலிருந்து, இது மிகப் பழைய பெயர் என்பது விளங்கும்.

வடமொழியில் இம்மரத்தின் பெயர் நிம்பம். அதிலிருந்து வந்ததே இந்தியில் வழங்கும் நீம் என்ற பெயர். ஆங்கிலத்திலும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அரிட்டம் என்ற பெயரும் உண்டு. தீங்கு நேராதது என்பது அதன் பொருள். பூச்சி அரிக்காத மரத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

பாண்டிய மன்னர்களின் அடையாளப் பூ வேப்பம்பூ. சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி என்பதுபோல் பாண்டியருக்கு வேம்பு. அதனால் பாண்டியனுக்கு வேம்பன் என்ற பெயரும் ஏற்பட்டது. ஊர்ப் பெயர்களிலும் இம்மரம் நிலைத்துள்ளது. தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள வேப்பங்குளமும், பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள வேப்பந்தட்டையும் உழவர்கள் அறிந்த ஊர்கள்.

மருந்துப் புட்டியில் பாரசீகப் பெயர்

பூச்சிமருந்துக் கடையில் வேம்பு மருந்து வாங்கினால், புட்டியின் மேல் அசாடிராக்டின் என்று அச்சிட்டிருக்கும். 0.03 சதம், 0.15 சதம், 1 சதம் என்று அளவும் குறித்திருக்கும். வேப்பங்கொட்டையிலுள்ள முக்கியமான பூச்சி எதிர்ப்புப் பொருளின் பெயர் அது. 1968-ல் இங்கிலாந்தில் அது முதன்முதலாகத் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. வேம்பின் தாவர இயல் பெயரான அசாடிராக்டா இண்டிகா என்பதிலிருந்து அப்பெயர் வந்தது.

அசாடிராக்டா என்பது லத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று. பாரசீக மொழியில் ஆசாத் என்றால் சுதந்திரமான, உயர்ந்த என்று பொருள். திரக்த் என்றால் மரம். ஆசாத் திரக்த் என்ற இரு சொற்கள் சேர்ந்து அசாடிராக்டா ஆயிற்று. இண்டிகா என்றால் இந்தியாவைச் சேர்ந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பாரசீகத்தில் ஆசாத் திரக்த் என்று அழைக்கப்பட்ட மரம் நம் வேம்பு அன்று. ஊதாப் பூப் பூக்கும் அதன் உறவு மரம் ஒன்று உண்டு. அதற்கே அந்தப் பெயர் உரியது. நம் வேம்பை அவர்கள் இந்திய ஆசாத் திரக்த் என்று அடைமொழி சேர்த்து அழைத்தார்கள். புதிதாக ஒன்றைக் கண்டால் தெரிந்த ஒன்றின் பெயரோடு அடைமொழி சேர்த்து அழைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். வேற்று நாட்டிலிருந்து வந்த மரத்தை நாம் சீமைக் கருவேல் என்று அழைப்பதும் இப்படித்தான்.

இரண்டு மரத்துக்கும் ஒரே பெயர் இருந்ததால் தாவர இயல் நூல்களிலும் அதன் சாயல் ஏறியது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ல் இரண்டையும் மீலியா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். ஊதாப் பூ மரத்துக்கு மீலியா அசெடராக் என்றும், வேம்புக்கு மீலியா அசாடிராக்டா என்றும் பெயரிட்டார். அசெடராக், அசாடிராக்டா ஆகிய இரண்டும் ஒரே பாரசீகச் சொல்லின் இரு வடிவங்கள். பின்னர் 1830-ல் பிரெஞ்சு அறிஞர் ஜூசியூ, வேம்பைத் தனிப் பேரினமாகப் பிரித்து அசாடிராக்டா இண்டிகா என்று பெயர் சூட்டினார். இன்றும் அதுவே வழக்கில் உள்ளது.

மீலியா என்ற பெயரும் இரவல் பெயர்தான். கிரேக்கர்கள் தங்கள் நாட்டு மரம் ஒன்றை மீலியா என்றனர். அதன் இலை போன்ற இலை இருந்ததால் அப்பெயர் இம்மரங்களுக்கும் வந்தது.

வேப்பெண்ணெய்க்கு மார்கோசா எண்ணெய் என்றும் ஒரு பெயர் உண்டு. இது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. அவர்கள் மொழியில் அமர்கோசா என்றால் கசப்பானது என்று பொருள். தமிழர் சொன்னதும் பாரசீகர் சொன்னதும் மரத்தின் பெயர். போர்த்துக்கீசியர் சொன்னதோ அதன் சுவை.

மலைவேம்பு: ஒரு பெயர், இரண்டு மரம்

இனி விவசாயிக்குப் பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம்.

சித்த மருத்துவ நூல்களில் மலைவேம்பு என்பது பெரும்பாலும் மேலே சொன்ன ஊதாப் பூ மரமாகிய மீலியா அசெடராக்கைக் குறிக்கும். தெலுங்கில் இதற்குத் துருக்க வேப என்ற பெயர் உண்டு. வனத்துறையினரும் மரத் தொழிற்சாலைகளும் மலைவேம்பு என்று சொல்வது மீலியா டூபியா என்ற வேறொரு மரத்தை. 1789-ல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் கவனியேஸ் இதற்கு இப்பெயரிட்டார். டூபியா என்ற லத்தீன் சொல்லுக்குச் சந்தேகத்துக்குரியது என்று பொருள். பெயரிலேயே சந்தேகம் இருக்கிறது. இதை மீலியா காம்போசிடா என்றும் சில நூல்கள் குறிப்பிடும். இம்மரங்களைத் தனித்தனி இனங்களாகக் கொள்வதா, ஒன்றாகக் கொள்வதா என்பதில் தாவர இயலாரிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்துள்ளது. ஆனால் மரம் வாங்கும் தொழிற்சாலைக்கு அந்த விவாதம் தேவையில்லை. நேரான, பருத்த அடிமரம்தான் அதற்குத் தேவை.

பிளைவுட்டுக்காக நடும்போது 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 160 கன்றுகள் தேவைப்படும். கன்று விலை, குழி எடுக்கும் கூலி, முதல் இரண்டு ஆண்டுத் தண்ணீர், வேலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், தவறான கன்று நட்டவருக்கு ஏற்படும் நட்டம் சிறியதன்று. நெல் விதை மாறினால் ஒரு போகம் போகும். மரக்கன்று மாறினால் ஆறேழு ஆண்டுகள் போகும். அந்த நிலத்தில் வேறு பயிர் செய்திருந்தால் கிடைத்திருக்கும் வருமானமும் போகும்.

மூன்றையும் அடையாளம் காணும் முறை

வேம்பு, ஊதாப் பூ மலைவேம்பு, மர மலைவேம்பு ஆகிய மூன்றையும் இலை, பூ, காய் ஆகியவற்றைக் கொண்டு பிரித்தறியலாம்.

இலை: வேம்பின் இலைக்காம்பில் இரு புறமும் சிற்றிலைகள் நேராக ஒட்டியிருக்கும். காம்பு மறுபடி கிளைக்காது. சிற்றிலை அரிவாள்போல் வளைந்து, ஓரத்தில் பற்களுடன் இருக்கும். மற்ற இரு மரங்களிலும் நடுக்காம்பிலிருந்து பக்கக் காம்புகள் கிளைத்து, அவற்றின் மேல்தான் சிற்றிலைகள் இருக்கும். ஆகவே காம்பு கிளைத்திருந்தால் அது வேம்பு அன்று என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் மலைவேம்புகள் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இலை மட்டும் போதாது.

பூ: வேம்பின் பூ சிறியது, வெண்மையானது, தேன் மணம் உடையது. மீலியா அசெடராக்கின் பூ ஊதா நிறம். மீலியா டூபியாவின் பூ பச்சை கலந்த வெண்மை நிறம்.

காய்: வேப்பம்பழம் நீள்வடிவம், 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளம். பெரும்பாலும் ஒரே விதைதான் இருக்கும். மீலியா அசெடராக்கின் பழம் கோலிக்குண்டுபோல் உருண்டை, மஞ்சள் நிறம். இலை உதிர்ந்த பின்னும் கொத்துக் கொத்தாக மரத்தில் நீண்ட நாள் தொங்கும். இதன் கொட்டையின் நடுவில் இயற்கையாகவே எளிதில் துளை விழும். ஆகையால் பல நாடுகளில் செபமாலை கோக்க இதைப் பயன்படுத்தினார்கள். மணி மரம் என்ற பெயரும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. மீலியா டூபியாவின் காய் இவ்விரண்டையும் விடப் பெரியது. பேரீச்சங்காய்போல் நீண்ட உருண்டையாக இருக்கும்.

அடிமரம்: மீலியா டூபியா நேராக உயர்ந்து, 20 மீட்டர் வரை வளரும். மீலியா அசெடராக் பொதுவாக உயரம் குறைந்து, தாழ்வாகவே கிளை பரப்பும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மீலியா அசெடராக்கின் பழம் நச்சுத்தன்மை உடையது. தின்ற பன்றிகள் இறந்ததுண்டு. குழந்தைகளுக்கும் ஆபத்து. வேப்பம்பழத்தைக் குழந்தைகள் சப்பித் துப்புவது நம் ஊர்களில் வழக்கம். ஆதலால் பழம் உருண்டையாக இருக்கும் மரத்தடியில் குழந்தைகளை விட வேண்டாம். மலைவேம்பு இலைச் சாறு மருந்து என்று கேள்விப்பட்டு, தோட்டத்திலுள்ள மரத்தின் இலையைத் தாமே பறித்து அரைத்துக் குடிப்பதும் கூடாது. எந்த மலைவேம்பு, எவ்வளவு என்பதைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

பெயரளவு வேம்புகள்

வேம்பு என்று முடியும் பெயர்கள் இன்னும் பல உண்டு. சிலவற்றுக்குக் கசப்பினாலும், சிலவற்றுக்கு இலையின் சாயலாலும் அப்பெயர் வந்தது.

சந்தன வேம்பு உண்மையாகவே வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிவந்த மரம் தரும். மகாகனியும் இதே குடும்பம்தான். ஆகவே மகாகனியின் நுனித்தண்டைத் துளைக்கும் புழுவே சந்தன வேம்பையும் துளைக்கும். இவ்விரண்டையும் தோப்பாக நட எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலவேம்பு மரமன்று, முழங்கால் உயரச் செடி. ஆடாதோடைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடுங்கசப்பினால் இப்பெயர் பெற்றது.

சிவனார் வேம்பு அவுரியின் இனம். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரை வேம்பு அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய சிறு செடி. இவை மூன்றுக்கும் வேம்புக்கும் எந்த உறவும் இல்லை.

கறிவேப்பிலையின் கதை சுவையானது. இதற்குக் கறிவேம்பு என்ற பெயரும் உண்டு. இலை வேப்பிலையின் சாயலில் இருப்பதால் தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட வேம்பின் பெயரைச் சேர்த்தே அழைக்கிறார்கள். ஆனால் இது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாவர இயல் பெயரான முராயா கோனிகி என்பதில் கோனிகி என்ற சொல், தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்து தாவரங்களை ஆராய்ந்த கோனிக் என்பவரின் நினைவாக வைக்கப்பட்டது.

குடும்பம் தெரிந்தால் பயிர்ப் பாதுகாப்பும் எளிதாகும். எலுமிச்சையின் இளந்தளிரைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு கறிவேப்பிலையையும் தின்னும். எலுமிச்சையில் சாறு உறிஞ்சும் சில்லிட் பூச்சி கறிவேப்பிலையிலும் பெருகும். ஆகவே எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டிக் கறிவேப்பிலை வைத்திருப்போர் இரண்டையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மருந்தடித்தால் மற்றொன்றிலிருந்து பூச்சி திரும்ப வந்துவிடும். வேம்பின் உறவு என்று நினைத்துப் பூச்சி வராது என்று இருந்துவிட்டால் தளிர்கள் மொட்டையாகிவிடும்.

சரியான விதையைச் சேகரித்தல்

பெயர் சரியாகத் தெரிந்தால் விதைச் சேகரிப்பிலும் தவறு வராது. வேம்பு தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில் பழுக்கும். கன்று வளர்க்க வேண்டுமானால் பழத்தின் சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, 2 அல்லது 3 வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். நாள் கடந்தால் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். மலைவேம்புக் கொட்டையின் ஓடு மிகக் கெட்டியானது. வேப்பம் விதையைப்போல் உடனே விதைக்க வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் முளைப்பு குறைவாகவும் ஒரே சீராக இல்லாமலும் இருக்கும். ஒரே பட்டத்தில் எல்லாக் கன்றும் வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பூச்சிமருந்துக்கு வேண்டிய வேப்பங்கொட்டையை வேறு முறையில் வைத்துக்கொள்ள வேண்டும். 1962-ல் தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடவில்லை என்று கண்டறிந்தார்கள். அதே கரைசலை இன்று எந்த விவசாயியும் வீட்டிலேயே தயாரிக்கலாம். 3 மாதம் முதல் 8 மாதம் வரை காற்றோட்டமாகச் சேமித்த, பூசணம் பிடிக்காத கொட்டையே சிறந்தது.

5 கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். காலையில் பால்போல் வரும் வரை கலக்கி, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்ட வேண்டும். வடித்த சாற்றுடன் தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் 5 சதக் கரைசல் தயார். அன்றே தெளித்துவிட வேண்டும். வெயிலில் இதன் வீரியம் குறைந்துவிடும். ஆதலால் மாலை 3.30 மணிக்கு மேல் தெளிப்பது நல்லது. இதற்கு வேப்பம்பருப்பே வேண்டும். உருண்டையான மலைவேம்புக் கொட்டைகள் கலந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

கன்று வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. மலைவேம்பு என்று மட்டும் கேட்காமல் மீலியா டூபியா என்று தாவர இயல் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ரசீதிலும் அதே பெயரை எழுதி வாங்க வேண்டும்.

2. விதை எடுத்த தாய் மரம் எங்கே உள்ளது என்று விசாரிக்க வேண்டும். முடிந்தால் அதை நேரில் பார்த்து, பூவையும் காயையும் அடிமரத்தையும் ஒப்பிட வேண்டும்.

3. தாய் மரத்தைப் பார்க்க இயலாவிட்டால், பண்ணையில் விதைத்த கொட்டையையாவது காட்டச் சொல்ல வேண்டும். கோலிக்குண்டு அளவில் உருண்டையான பழத்தின் கொட்டையானால் வாங்க வேண்டாம்.

4. மரத்தை வாங்கப் போகிறவர் எந்த மரத்தை, எந்தப் பருமனில் எடுப்பார் என்பதை நடுமுன்பே கேட்டு அறிய வேண்டும்.

5. ஐயம் இருந்தால் இலையும் பூவும் காயும் உள்ள ஒரு கொப்பை ஒடித்து, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வனத்துறை அலுவலகத்திலோ காட்டிக் கேட்கலாம்.

நம் முன்னோர் ஒரு பெயரைச் சூட்டும்போது இலையைப் பார்த்தார்கள், சுவையைப் பார்த்தார்கள், வளரும் இடத்தைப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்வரை பேசிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. இன்று கன்று ஒரு மாவட்டத்தில் வளர்ந்து, இன்னொரு மாவட்டத்தில் நடப்பட்டு, மூன்றாவது மாவட்டத்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. ஊர்ப் பெயரோடு தாவர இயல் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்வது விவசாயிக்கு ஒரு செலவில்லாத காப்பீடு.